டிசம்பர் 31 என்ற கோடு: 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியும் நம் மலையகப் பிள்ளைகளும்

அட்டன் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி கற்பிக்கிறேன். சென்ற வாரம் என் முன்னாள் மாணவி ஒருத்தி கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டி, "சேர், மூணு நாள்தானே?" என்று கேட்டாள். 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக மெய்வல்லுநர் போட்டியின் வயது விதியை அவளாகவே தேடி வாசித்திருந்தாள். போட்டி நடைபெறும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் திகதியன்று 20 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பதே அந்த விதி. அவள் பிறந்தது 2006 டிசம்பர் 29ஆம் திகதி. 2026 ஆகஸ்ட் 5 முதல் 9 வரை அமெரிக்காவின் யூஜின் நகரில் போட்டி நடைபெறவுள்ள நாள்களில் அவளுக்கு 19 வயதுதான் நடந்துகொண்டிருக்கும். ஆனாலும் ஆண்டு முடிவதற்குள் இருபது நிறைந்துவிடுவதால், 2007 ஜனவரி முதலாம் திகதி பிறந்த பிள்ளைக்கு உள்ள வாய்ப்பு இவளுக்கு இல்லை.

அவள் போயிருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் மைதானத்தில் 200 மீற்றர் வட்டம் மட்டுமே வரையலாம். ஒரு பக்கம் கோயில் சுவர், மறு பக்கம் தேயிலை மலைக்கு ஏறும் மண்சரிவு. சுண்ணாம்புக் கோடு ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. அந்த வட்டத்தில் நான்கு சுற்று ஓடி, 800 மீற்றரை 2 நிமிடம் 16 விநாடியில் முடித்திருக்கிறாள். நேரம் எடுத்தது என் கைக்கடிகாரம். உலகப் போட்டிக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் இருவர் மட்டுமே செல்ல முடியும் என்பதும், தகுதி நேரம் என்று ஒன்று இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தப் போட்டியை நான் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறேன். 1986இல் ஏதென்ஸில் கனிஷ்ட உலகப் போட்டி என்ற பெயரில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடந்து வருகிறது. பெருந்தொற்றினால் 2020ஆம் ஆண்டுப் போட்டி மட்டும் 2021இல் நைரோபியில் நடந்தது. 2002இல் கிங்ஸ்டனில், சொந்த நாட்டு மக்களின் ஆரவாரத்தில் பதறி, வலது காலுக்குரிய சப்பாத்தை இடது காலில் போட்டுக்கொண்டதாகப் பின்னாளில் சொன்ன 15 வயதுச் சிறுவன் உசைன் போல்ட், 200 மீற்றரை 20.61 விநாடியில் வென்றதை நான் இன்றும் வகுப்பில் சொல்வதுண்டு. பிள்ளைகள் சிரித்து முடித்த பிறகு அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதிக்காகவே அந்தக் கதையை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

இப்போது அவளுடைய தகப்பனார், வயதெல்லை முடிந்துவிட்டதென்றால் ஓட்டமும் முடிந்துவிட்டதுதானே என்கிறார். கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவுக்காரப் பெண்ணோடு அவளை அனுப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். அதில் பிழை காண எனக்கு உரிமையில்லை. அந்த வீட்டின் கணக்கு எனக்குத் தெரியும். இருந்தாலும், டிசம்பர் 31 என்பது உண்மையிலேயே முடிவா, அவளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதுளை ஓட்டக்காரர் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் ஒரு காலத்தில் மாகாண மட்டத்தில் 400 மீற்றர் ஓடியவன். இப்போது வார இறுதிகளில் வின்சென்ட் டயஸ் மைதானத்தில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

அந்தத் தங்கையிடம் முதலில் இரண்டு பிறந்த நாள்களைச் சொல்லுங்கள். நம் நாட்டு 100 மீற்றர் ஓட்டக்காரர் யுபுன் அபேகோன் பிறந்தது 1994 டிசம்பர் 31. இவள் தவறவிட்டது மூன்று நாள். அவர் தவறவிட்டது ஒரே ஒரு நாள். அதே யூஜின் நகரில் 2014 ஜூலையில் கனிஷ்ட உலகப் போட்டி நடந்தபோது அவருக்கு 19 வயது. ஒரு நாள் பிந்திப் பிறந்திருந்தால் வயதளவில் அவர் தகுதியானவர். அவர் அதோடு நின்றுவிடவில்லை. 2022 ஜூலை 3ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் லா ஷோ டி ஃபோன் நகரில் 100 மீற்றரை 9.96 விநாடியில் ஓடி, பத்து விநாடிக்குள் ஓடிய முதல் தெற்காசியர் ஆனார். அப்போது அவருக்கு 27 வயது. அடுத்த மாதமே பர்மிங்காம் பொதுநலவாயப் போட்டியில் வெண்கலமும் வென்றார். இரண்டாவது பிறந்த நாள் சுசந்திகா ஜயசிங்கவினுடையது: 1975 டிசம்பர் 17. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் அவர் வென்ற வெண்கலம், முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்ட பின் வெள்ளியாக உயர்ந்தது. அந்த ஓட்டத்தை ஓடும்போது அவருக்கு 24 வயது. ஆண்டின் கடைசி நாள்களில் பிறந்த பிள்ளை, வயதுப் பிரிவுப் போட்டிகள் எல்லாவற்றிலும் தன்னைவிடப் பதினொரு மாதம் மூத்தவர்களோடுதான் போட்டியிட்டு வளர்கிறது. பதினான்கு வயதில் அந்தப் பதினொரு மாதம் ஒரு பெரிய மலை. இருபத்து நான்கில் அது ஒன்றுமேயில்லை.

அடுத்து, 20க்குப் பிறகு கதவே இல்லை என்பது சரியன்று. நமது தேசிய கனிஷ்ட போட்டிகளில் 23 வயதுக்குட்பட்டோர் பிரிவு ஒன்று இருக்கிறது. ஐரோப்பியர்கள் இந்த வயதுக்கென்றே தனியான போட்டியை 1997இல் பின்லாந்தின் துர்கு நகரில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடத்தி வருகிறார்கள். 20 வயதில் கனிஷ்டர் பட்டியலிலிருந்து நீங்குபவரை அப்படியே மூத்தவர்களின் களத்தில் இறக்கினால் பலர் காணாமல் போய்விடுகிறார்கள் என்பதை அனுபவத்தில் கண்டுதான் 20, 21, 22 வயதுக்காரர்களுக்கு அவர்கள் ஒரு படியைக் கட்டினார்கள். நம் வீடுகளில் அந்தப் படியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "இருபதோடு சரி" என்று நாமே முடித்துவிடுகிறோம்.

கடைசியாக ஒரு செய்தி, ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் 2:16 என்பது யாருக்கும் காட்ட முடியாத நேரம். தொடக்கத் துப்பாக்கியின் புகையைக் கண்டு கடிகாரத்தை அழுத்துவதற்குள் விரல் எடுத்துக்கொள்ளும் தாமதத்துக்காக, 100, 200 மீற்றர்களில் கைநேரத்தோடு 0.24 விநாடியும், 400இல் 0.14 விநாடியும் கூட்டித்தான் மின்னியல் நேரத்தோடு ஒப்பிடுவது வழக்கம். குறுந்தூர ஓட்டங்களுக்கும் 800 மீற்றருக்கும் சர்வதேசத் தகுதி நேரமாகக் கைநேரம் ஏற்கப்படுவதே இல்லை. மறு பக்கத்தில், 200 மீற்றர் புல் வட்டத்தில் எட்டு வளைவுகள் திரும்பி ஓடிய பிள்ளை, 400 மீற்றர் செயற்கை ஓடுபாதையில் நான்கே வளைவுகளில் அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிப்பாள் என்பது என் நம்பிக்கை. எவ்வளவு குறையும் என்பதை ஓடித்தான் பார்க்க வேண்டும். பதுளைக்கோ கண்டி போகம்பரைக்கோ அழைத்து வாருங்கள். அவளுடைய உண்மையான நேரம் என்ன என்பதை நீங்களும் அறியவில்லை, அவளும் அறியவில்லை.

கண்டிப் பார்வையாளர் எழுதியது:

மேலே எழுதியவரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்த இழை போகும் திசை எனக்குக் கவலையளிக்கிறது. யுபுனும் சுசந்திகாவும் கோடியில் ஒருவர். அவர்களுடைய பிறந்த நாளை எடுத்துக்காட்டி, 19 வயதுப் பெண்ணை இன்னும் நான்கு ஆண்டு வீட்டுச் செலவில் ஓட வைப்பது நியாயமா?

கணக்கைப் பாருங்கள். 2023 ஜூலையில் பாங்கொக் ஆசியப் போட்டியில் தருஷி கருணாரத்ன 800 மீற்றரை 2 நிமிடம் 0.66 விநாடியில் ஓடினார். அவர் முடிவுக்கோட்டைக் கடக்கும் கணத்தில், 2:16 ஓடும் பிள்ளை ஏறத்தாழ 90 மீற்றர் பின்னால் இருப்பாள். அதாவது கடைசி வளைவைவிட்டு வெளிவரும் தறுவாயில்தான் இருப்பாள். அந்த ஆண்டே, அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் தருஷி தங்கம் வென்றார். 2002இல் பூசானில் சுசந்திகாவும் தமயந்தி தர்ஷாவும் வென்ற பிறகு இலங்கைக்கு மெய்வல்லுநர் போட்டிகளில் கிடைத்த முதல் தங்கம் அது. அப்போது அவருக்கு 18 வயதுதான். யெச்சியோனில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியிலும் அதே ஆண்டில் 800 மீற்றர் தங்கம் அவருடையதே.

அவர் எங்கிருந்து வந்தார்? நாம் வாழும் இதே மலைநாட்டில், கண்டிக்கு அருகில் உள்ள வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியிலிருந்து. அங்கே சுசந்த பெர்னாண்டோ என்ற பயிற்றுநர் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே சேர்த்து, பல ஆண்டுகள் ஒரே இடத்தில் வைத்து வளர்க்கிறார். 13 வயதில் தொடங்கிய வேலைக்கு 18 வயதில் பலன் கிடைக்கிறது. நமது தோட்டப் பாடசாலைகளில் வலய மட்டப் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் பயிற்சி தொடங்குகிறது என்பதை ஆசிரியர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆகவே நம் சக்தியை இன்றைய 13 வயதுப் பிள்ளைகளுக்குச் செலவிடுவோம். இந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடுவதே அவளுக்குச் செய்யும் நன்மை.

தலவாக்கலை அக்கா எழுதியது:

கண்டித் தம்பி, "உண்மையைச் சொல்லிவிடுவது" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 18 வயதில் அந்த உண்மையைச் சொன்னார்கள். அது எப்படிப்பட்ட உண்மை என்பதை எழுதுகிறேன்.

நான் 1,500 மீற்றர் ஓடினேன். மாகாண மட்டத்தில் இரண்டாம் இடம் பெற்று, கொழும்பில் தேசியப் போட்டிக்குப் போனேன். முதல் நாள் மாலை புறப்பட்டு, நள்ளிரவு தாண்டி அங்கே சேர்ந்து, ஒரு பாடசாலை மண்டபத்தில் வாங்குகளை ஒன்றாகச் சேர்த்துப் படுத்து, மறுநாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு ஓடினேன். எங்கள் ஊரில் நடுப்பகலிலும் கம்பளிச் சட்டை போடும் நாள்கள் உண்டு. அங்கே ஓடுபாதையிலிருந்து எழுந்த அனல் முழங்காலுக்குக் கீழே அடுப்படியில் நிற்பதைப் போல அடித்தது. இரண்டாவது சுற்று முடியும்போது வியர்வை நின்றுவிட்டது, உடம்பு சிலிர்த்தது. கடைசிக்கு முந்தைய ஆளாக முடித்தேன். உடன் வந்த பொறுப்பாளர் ஒருவர், "மலையில் வேண்டுமானால் நீ ஓடலாம், இங்கே உன்னால் முடியாது" என்றார். நான் அதை என் உடம்பைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். வீட்டிலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அத்தோடு விட்டுவிட்டேன்.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகுதான், வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு எவருக்கும் பத்து முதல் பதினான்கு நாள் தேவை என்பதை வாசித்து அறிந்தேன். குளிர்நாட்டு வீரர்களை ஆசியப் போட்டிகளுக்கு அழைத்து வருபவர்கள் அதற்காகவே முன்கூட்டி வந்து தங்குகிறார்கள். எங்களை அழைத்துச் சென்றவர்கள் பதினான்கு மணி நேரம்கூடக் கொடுக்கவில்லை. எனக்குச் சொல்லப்பட்டது உண்மையன்று, தம்பி. அது ஒரு பேருந்து அட்டவணை.

இன்னொரு சம்பவமும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு மாகாணப் போட்டியில், அண்ணன் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஆணிச் சப்பாத்தோடு போனேன். வீரர்களை அழைத்து வரிசைப்படுத்தும் இடத்தில் ஒருவர் சப்பாத்தைத் திருப்பி, ஆணியின் நீளத்தை அளந்து பார்த்துவிட்டு, இதைப் போட்டு ஓட முடியாது என்றார். செயற்கை ஓடுபாதையில் ஆணி 9 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. உயரம் பாய்தலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும் 12 வரை அனுமதி. என் சப்பாத்தில் இருந்தவை புல்லுக்கும் சேற்றுக்கும் போடும் நீண்ட ஆணிகள். கழற்றும் திருகி எங்களில் எவரிடமும் இல்லை. வெறுங்காலோடு ஓடினேன். அந்தத் தடத்தின் சொரசொரப்பில் இரண்டு பெருவிரல்களின் அடித்தோலும் உரிந்தன; அப்படியும் இரண்டாம் இடம். சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தவர் விதியின்படிதான் நடந்தார், அவர்மீது எனக்குக் குறை இல்லை. அந்த விதியை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதே என் குறை.

ஆசிரியர் ஐயா, அவளைத் தயவுசெய்து ஒரு முறையாவது ஒழுங்காக ஓடவிட்டுப் பாருங்கள்.

மஸ்கெலியா தாதி எழுதியது:

நான் ஓட்டத்தைப் பற்றி அதிகம் அறியாதவள். தோட்டப் பகுதியில் பல ஆண்டு பணியாற்றிய தாதி என்ற முறையில் ஒரு கேள்வி மட்டும்: அந்தப் பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை செய்தீர்களா?

நமது பக்கத்தில் 13 வயது முதல் 20 வயது வரையான பெண் பிள்ளைகளைப் பார்த்தால், இமையைக் கீழே இழுத்து உட்புறத்தைப் பார்க்கும்போதே பல பேருக்கு வெளிறியிருக்கும். பூப்படைந்த பிறகு மாதந்தோறும் இழப்பு. சோறும் கிழங்கும் ரொட்டியுமாக இருக்கும் உணவில் இரும்புச்சத்துக் குறைவு. இவை இரண்டுக்கும் மேலே, சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பை சாயம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தோடு பிணைந்து, குடல் அதை உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன. நாம் பறித்துக் கொடுக்கும் இலைதான்; அதைக் குடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள் என்கிறேன். சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யாவோ தோடம்பழமோ தேசிக்காய்ப் புளியோ சேர்ந்தால், அதே கீரையிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் இரும்பு கூடும்.

ஓடுகிறவர்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். மூச்சில் உள்ள ஒட்சிசனைத் தசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஹீமோகுளோபின். அதற்கு இரும்பு வேண்டும். 800 மீற்றர் போன்ற ஓட்டத்தில் கடைசிச் சுற்றில் கால் கல்லாகிவிடுகிறது என்று பிள்ளைகள் சொன்னால், மனத்திடம் போதவில்லை என்று ஏசுவதற்கு முன் இரத்தத்தைப் பாருங்கள். மாதவிடாய் பல மாதம் தொடர்ந்து வராமலிருந்தால் அதையும் நல்லது என்று விட்டுவிடாதீர்கள். ஓடும் அளவுக்கு உணவு போதவில்லை என்று உடல் சொல்லும் செய்தியாக அது இருக்கலாம், எலும்பையும் அது பாதிக்கும். இவை ஆண் ஆசிரியரிடம் பிள்ளைகள் சொல்லத் தயங்கும் விடயங்கள். ஒரு பெண் ஆசிரியையை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டிக்காரர் சொன்ன 13 வயதுப் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுத்தான் பொருந்தும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 வீதம், தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். அந்த 32 வீதத்தில் இருந்த பிள்ளைகள்தாம் இன்று உங்கள் மைதானத்தில் நிற்கிறார்கள்.

கண்டிப் பார்வையாளர் எழுதியது:

அக்காவின் பதிவை இரண்டு முறை வாசித்தேன். நான் எழுதியதில் ஒரு சொல்லை மாற்றிக்கொள்கிறேன்: அந்தப் பெண்ணைப் பற்றிய உண்மை இன்னும் எவருக்கும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும், ஓரிடத்தில் பல ஆண்டு வளர்க்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

இன்னொரு விடயமும் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் மலையில் பிறந்து வளர்வதால் கென்யர்களைப் போல மூச்சுப் பலம் உள்ளவர்கள் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அதில் உண்மை உண்டா?

பதுளை ஓட்டக்காரர் எழுதியது:

ஓரளவுதான் உண்மை. கென்யாவின் ஓட்டக்காரர்கள் கூடும் இத்தென் ஊர் ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயர்நிலப் பயிற்சியின் பலன் பொதுவாக 1,800 மீற்றருக்கு மேல்தான் தெளிவாகத் தெரியும் என்பார்கள். நமது நுவரெலியா 1,868 மீற்றர், ஆக அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அட்டன் 1,271, பண்டாரவளை அதற்கும் சற்றுக் கீழே, பதுளை நகரம் 700ஐக்கூட எட்டாது. காற்று நமக்காக ஓடிக் கொடுக்காது. இந்த மேடைப் பேச்சால் ஒரு தீமையும் உண்டு: இயற்கையே கொடுத்துவிட்டது என்ற நினைப்பில் சப்பாத்தும் ஓடுபாதையும் உணவும் கேட்க மறந்துவிடுகிறோம். மலை நமக்குத் தருவது வேறொன்று. பாடசாலைக்கும் கடைக்கும் கொழுந்து மலைக்கும் ஏறி இறங்கியே வளர்ந்த பிள்ளையின் கெண்டைக்காலும் பொறுமையும் நெடுந்தூர ஓட்டத்துக்கு நல்ல அடித்தளம். 5,000, 10,000 மீற்றர்களில் தேசிய மட்டத்தில் வெற்றிகள் பெற்ற குமார் சண்முகேஸ்வரன் நம் மலையகத்துப் பிள்ளைதான் என்பதை மறக்கலாமா?

வறுமையைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு 2018ஆம் ஆண்டுப் போட்டியைச் சொல்வேன். பின்லாந்தின் தம்பெரே நகரில் 400 மீற்றரை 51.46 விநாடியில் வென்ற ஹிமா தாஸ் அசாமின் ஒரு நெல் விவசாயியின் மகள். 100 மீற்றரை 10.18 விநாடியில் வென்றவர் இந்தோனேசியாவின் லொம்பொக் தீவைச் சேர்ந்த லாலு முகமது சொஹ்ரி; பெற்றோரை இழந்தவர், எட்டாவது ஓட்டப்பாதையில், எவரும் எதிர்பாராத ஓரத்தில் ஓடி வந்தார். அதே நேரத்தில், அந்த வயதில் வென்றவரெல்லாம் பின்னர் ஒலிம்பிக்கில் வெல்வதில்லை என்பதும் உண்மை. நைரோபியிலும் கொலம்பியாவின் கலி நகரிலும் அடுத்தடுத்து 100 மீற்றரை வென்று, பாரிஸில் 200 மீற்றர் ஒலிம்பிக் தங்கமும் பெற்ற பொட்ஸ்வானாவின் லெட்சிலே தெபோகோவைப் போல வருபவர்கள் மிகச் சிலர். ஆகவே 20 வயதுக்குள் வென்றாலும் முடிவில்லை, வெல்லாவிட்டாலும் முடிவில்லை.

கொத்மலைத் தந்தை எழுதியது:

என் மகன் குண்டு போடுகிறான், வயது 17. பாடசாலையில் ஒரே ஒரு குண்டுதான் இருக்கிறது. அதன் எடை எவ்வளவு என்று எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. இந்த உலகப் போட்டியில் எவ்வளவு எடை?

பதுளை ஓட்டக்காரர் எழுதியது:

20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 6 கிலோ, ஐயா. மூத்தவர்களுக்கு 7.26 கிலோ. பரிதி வட்டம் 1.75 கிலோ, மூத்தவர்களுக்கு அது 2 கிலோ. ஈட்டி மட்டும் அதே 800 கிராம்தான். பாடசாலைக் குண்டை ஒரு நாள் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்; அதை முதலில் தெரிந்துகொண்டால்தான் அவன் எறியும் தூரத்துக்கு அர்த்தம் உண்டு.

அட்டன் ஆசிரியர் எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. ஒவ்வொரு பதிவையும் அவளுக்கும் அவளுடைய தாய் தகப்பனுக்கும் லயத்து முற்றத்தில் இருந்து வாசித்துக் காட்டினேன். தலவாக்கலை அக்காவின் பதிவை வாசிக்கும்போது அவளுடைய தாயார் எழுந்து உள்ளே போய்விட்டார். சற்று நேரம் கழித்து வந்து, அந்த வெறுங்கால் பகுதியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

கண்டி நண்பரே, வலய மட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் பயிற்சி என்று எழுதினீர்கள். உண்மை, நானும் அப்படித்தான் செய்து வந்தேன். வருடம் முழுவதும் திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் ஆறாம், ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வைக்க அதிபரிடம் எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன். அந்த நாள்களில் அவர்களை ஓட வைக்கப் போவது அவள். ஆனால் அதற்காக அவளை ஓட்டத்திலிருந்து நிறுத்தி, பயிற்றுநர் வேலைக்குத் தள்ளிவிட மாட்டேன்.

தாதி அம்மா கேட்டபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை உடன் வந்தார். ஹீமோகுளோபின் 10.4. இருக்க வேண்டிய அளவு குறைந்தது 12 என்று வைத்தியர் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மூன்று மாதத்தில் மறுபடியும் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். இந்த இரத்தத்தோடுதான் அவள் அந்த எட்டு வளைவுகளையும் ஓடினாள் என்பதை நினைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கடைசிச் சுற்றில் வேகம் குறையும் ஒவ்வொரு முறையும் கோட்டோரம் நின்று, மனத்தைத் திடப்படுத்து என்று கத்தியது நான்தான்.

தகப்பனார் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 23 வயதுப் பிரிவு என்றால் எந்த ஆண்டு வரைக்கும் என்று கேட்டார். இதே டிசம்பர் 31 கணக்குப்படி 2028 வரைக்கும் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஆடைத் தொழிற்சாலைப் பேச்சை மூன்று மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார். அதற்குமேல் அவர் வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பதுளைத் தம்பி, உங்கள் அழைப்புக்கு நன்றி. இரண்டாவது இரத்தப் பரிசோதனை முடிந்த பிறகே அவளை நேரம் பார்த்து ஓடவிடுவோம். எங்களுக்குப் போகம்பரை கிட்ட என்பதால் அங்கேயே வருகிறோம். முதல் நாளே கண்டிக்கு வந்து, உறவினர் வீட்டில் தங்கி, காலையில் ஓடுவதாக ஏற்பாடு. 9 மில்லிமீற்றருக்கு மேற்படாத ஆணிகள் ஒரு பொதியும் ஒரு திருகியும் வாங்கி, அவளுடைய பையில் போட்டாயிற்று. சாப்பிட்ட உடனே தேநீர் ஊற்றுவதை அந்த வீட்டில் இப்போது தாயாரும் நிறுத்திவிட்டார்.

மஸ்கெலியா தாதி எழுதியது:

மாத்திரையால் வயிறு பிரட்டினால் பயந்து நிறுத்திவிட வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், சேர். மலம் கறுப்பாகப் போகும், அது இரும்பின் நிறம். அவளுடைய தாயாருக்கும் ஒரு முறை இரத்தம் பார்த்துவிடுங்கள்.